கார் இல்லாத சரளைப் பாதை, குன்றுகள், ஆலிவ் தோப்பு: குடும்பத்தோடு போக எங்கே?

மியூனிக் மணி

வணக்கம் நண்பர்களே. பவேரியாவில் பெந்தெகொஸ்தே விடுமுறை இரண்டு வாரம் வருகிறது. அதில் நாலு நாள் சைக்கிளுக்கு என்று வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். மத்தியதரைக்கடல் பக்கம் போக ஆசை. ஆலிவ், திராட்சை, குன்றின் உச்சியில் கல் வீடுகள் எல்லாம் இருக்க வேண்டும். தார் வேண்டாம், சரளையோ மண்ணோ போதும். ஒரே நிபந்தனை, கார் வரக் கூடாது. "அதிகம் வராது" என்ற சமாதானம் வேண்டாம்.

காரணம் சொல்லிவிடுகிறேன். மனைவி கல்லூரி நாட்களில் ஓட்டியதோடு சரி, இங்கே வந்துதான் மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டாலே இறங்கி ஓரமாக நின்றுவிடுவாள். மகளுக்கு 13 வயது. அவளுக்குப் பயமே கிடையாது, அது வேறு தலைவலி.

எனக்கு 40 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள். மனைவிக்குச் சாதாரணப் பயணச் சைக்கிள், மகளுக்கு முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள். நாளைக்கு 35, 40 கி.மீ. போதும். நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும் வழி ஆகாது. மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் காரில் போய்ச் சேரும் தூரமாக இருந்தால் நல்லது. மனைவி சைவம், முட்டை உண்டு.

செயலியில் தேடிப் பார்த்தேன். கார் இல்லாத வழி என்று கேட்டால் மர வேர்களுக்கு மேல் குதித்துப் போகிற ஒற்றையடிப் பாதையைக் காட்டுகிறது. இல்லையென்றால் கடற்கரை ஓட்டல்களுக்கு நடுவே சிமெண்ட் நடைபாதை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லையா?

வெள்ளைச் சாலை

இத்தாலியில் டஸ்கனி போங்கள், வேறு யோசனையே வேண்டாம். சியெனாவைச் சுற்றி அத்தனை குன்றும் வெள்ளைச் சரளைச் சாலைதான். கயோலே இன் கியாந்தி என்ற ஊரில் 1997-ல் எரோய்கா என்ற பழைய சைக்கிள் விழாவை ஆரம்பித்தார்கள். 1987-க்கு முன்னால் செய்த சைக்கிளில்தான் கலந்துகொள்ள முடியும். அந்த விழாவின் வழித்தடம் 209 கி.மீ., வருடம் முழுக்கப் பலகை வைத்திருக்கும். துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மார்ச்சில் பெரிய தொழில்முறைப் பந்தயமும் இதே சாலைகளில் ஓடி, சியெனாவின் நடு மைதானத்தில் முடிகிறது. அஸ்சியானோ பக்கம் மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கி.மீ. சரளை இருக்கிறதே, இரண்டு பக்கமும் களிமண் குன்றுகள், ஒரு மரம் கூட இல்லாமல் அலை அலையாகப் போகும். பார்த்தால் திரும்பி வர மனசு வராது.

பொரா (திரியெஸ்தே)

வெள்ளைச் சாலை சொல்கிற இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மணி கேட்டது அது இல்லையே. டஸ்கனியின் வெள்ளைச் சாலைகள் எல்லாம் பொதுச் சாலைகள். பண்ணை வீட்டுக்காரரும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறார், திராட்சைத் தோட்டத்து லாரியும் அதே வழிதான், விடுதிக்கு வருகிற வாடகைக் காரும் அதிலேதான். ஜூன் மாதம் ஒரு கார் கடந்தால் அந்த வெள்ளைத் தூசி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மோந்தே சாந்தே மரியேயில் சில இறக்கங்கள் புதிதாக ஓட்டுபவருக்குக் கைவிரல் நோகும் அளவு பிரேக் பிடிக்க வைக்கும். மணியின் வீட்டம்மா முதல் நாளே சைக்கிளை விற்றுவிடுவார்.

மணி, குன்றும் வேண்டும், ஏற்றம் கொல்லவும் கூடாது, காரும் கூடாது என்றால் வரைபடத்தில் சாலையைத் தேடாதீர்கள். செத்துப்போன ரயிலைத் தேடுங்கள். நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகவே ஆகாது. அதனால் குன்று வந்தால் அதைச் சுற்றி வளைத்து, பள்ளம் வந்தால் பாலம் கட்டி, பாறை வந்தால் குடைந்து, எப்படியாவது சரிவைக் குறைத்திருப்பார்கள். நமக்காக அந்தப் பாட்டை எவரோ நூறு வருடத்துக்கு முன்னால் பட்டாகிவிட்டது. தண்டவாளத்தை எடுத்த பிறகு மிச்சம் இருப்பது ஒரு வண்டி அகலத்துக்குச் சரளை போட்ட மேடு, அவ்வளவுதான்.

உங்கள் தூரத்துக்குள் அப்படி ஒன்று இருக்கிறது. பேர் பாரென்சானா. நான் குடியிருக்கும் இத்தாலிய ஊர் திரியெஸ்தேயில் தொடங்கி, ஸ்லொவேனியாவின் சின்னக் கடற்கரையைத் தாண்டி, குரொவேஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்துக்குள் புகுந்து பொரெச் வரை 123 கி.மீ. இதில் இத்தாலிக்குள் 13, ஸ்லொவேனியாவில் 32, மிச்சம் 78 குரொவேஷியாவில். 1902-ல் ஆஸ்திரிய ஆட்சி போட்ட குறுகிய ரயில், இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் 760 மி.மீ.தான். ஒயின், ஆலிவ் எண்ணெய், உப்பு, காய்கறி எல்லாம் திரியெஸ்தே துறைமுகத்துக்கு இதில்தான் வந்தன. திரியெஸ்தேயிலிருந்து பொரெச்சுக்கு ஏழு மணி நேரம் பிடிக்குமாம். ஏற்றத்தில் ஆட்கள் இறங்கி திராட்சை பறித்துக்கொண்டு மறுபடி ஓடி ஏறுவார்கள் என்று இஸ்திரியாவில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ்ஸும் லாரியும் வந்ததும் ரயில் நஷ்டத்தில் விழுந்தது. 1935 ஆகஸ்ட் கடைசியோடு மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி அபிசீனியப் போருக்குக் கப்பலில் ஏற்றியதாகவும் கப்பல் வழியில் முழுகியதாகவும் ஒரு கதை உண்டு. நல்ல கதை, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது முக்கியமான விஷயம். 123 கி.மீ. முழுவதையும் ஓட்ட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். எல்லா வழிகாட்டியும் திரியெஸ்தேயிலிருந்து பொரெச் வரை, மூன்று நாடு ஒரே பயணம் என்று ஆசை காட்டும். அந்த ஆசையில் விழுந்தால் நாலு நாளில் பாதி கடற்கரையில் போய்விடும். இத்தாலித் துண்டு பெரும்பாலும் தொழிற்பேட்டையும் புறநகரும். ஸ்லொவேனியத் துண்டு அருமையான சைக்கிள் பாதை, ஆனால் தார் போட்டது, கூட்டமும் அதிகம். கோப்பர், இசோலா, போர்தொரோஷ் என்று ஊர் மாற்றி ஊர் வரும். ஐஸ்கிரீமுக்குக் குறைவில்லை. நீங்கள் கேட்ட குன்று உச்சிக் கல் ஊர் அங்கே இல்லை. அது குரொவேஷியாவுக்குள் புயே என்ற ஊரைத் தாண்டியபிறகு வருகிறது. புயேயிலிருந்து விஷினாதா வரையான நடுப்பகுதி, அதுதான் பாரென்சானா.

புயே ஏற்கெனவே குன்றின் மேல் இருக்கிறது, 200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து மெதுவாக ஏறி க்ரோஷ்ன்யான் வந்தால் 293 மீட்டர், முழுப் பாதையின் உச்சி அதுதான். அப்புறம் மீர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் லிவாதே வரை ஒரே இறக்கம், கிட்டத்தட்டக் கடல் மட்டத்துக்கே போய்விடும். கார் சாலையை விட ரயில் ரொம்பச் சுற்றி இறங்குகிறது. அந்தச் சுற்றில்தான் சுகமே. கீழே பள்ளத்தாக்கு, எதிரே மோதொவுன் குன்று, ஒரு வளைவில் இடது பக்கம் தெரியும், அடுத்த வளைவில் வலது பக்கம் தெரியும், எங்கே போகிறோம் என்றே குழம்பும்.

தரை எப்படி என்றால், நல்ல இடத்தில் கொண்டைக்கடலை அளவு சுண்ணாம்புக் கல் இறுகிப் படிந்திருக்கும். உங்கள் மனைவியின் சைக்கிள் தாராளமாகப் போகும். மோசமான இடத்தில், அதிலும் க்ரோஷ்ன்யானுக்கும் லிவாதேக்கும் நடுவே, புதிதாகக் கொட்டிய உடைகல் கைப்பிடி அளவுக்குக் கிடக்கும். மழைக்குப் பிறகு ஒரு பக்கம் அரித்து வாய்க்கால் விழுந்திருக்கும். அங்கே வேகமாக இறங்கினால் முன் சக்கரம் வழுக்கும். மகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள், இறக்கத்தில் அம்மாவுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று.

ரயிலுக்காகக் குடைந்த குகைகள் வரும். அவற்றில் ஃப்ரெஸ்கி என்ற குகை 146 மீட்டர், உள்ளே வளைவு இருப்பதால் நடுவில் இரண்டு பக்க வெளிச்சமும் மறைந்துவிடும். விளக்கு இருக்கும், எரியும் என்று நம்பிப் போகாதீர்கள். மூன்று பேருக்கும் முன்விளக்கு கட்டாயம். வெயிலில் வேர்த்து நனைந்த சட்டையோடு உள்ளே நுழைந்தால் முதுகில் சில்லென்று காற்று அடிக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சக்கரத்துக்குக் கீழே கல் நொறுங்குகிற சத்தம் மட்டும் சுவரில் மோதித் திரும்பி வரும். கறுப்புக் கண்ணாடியை வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

பாலங்களில் எனக்குப் பிடித்தது சாவ்ர்ஷியே ஊருக்குக் கீழே வருவது. கல் வளைவுகள் மேல் நின்று பார்த்தால் ஊர் முழுக்க மேலே தெரியும். கோயில் மணிக்கூண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கிறது, சிலதுக்குக் கூரையே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிய மொழி பேசிய குடும்பங்கள் பெருங்கூட்டமாக இங்கிருந்து வெளியேறின. க்ரோஷ்ன்யானும் அப்படிக் காலியான ஊர்தான். 1960-களில் ஓவியர்களைக் கூப்பிட்டுக் குடியேற்றினார்கள், அதனால் அது பிழைத்தது. இன்றைக்கும் தெருப் பலகை எல்லாம் குரொவேஷியம், இத்தாலியம் இரண்டிலும் இருக்கும். இதெல்லாம் தெரிந்து ஓட்டினால் அந்த ஊர்களில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரத் தோன்றும், உட்காருங்கள்.

"கார் வராது என்று எழுதிக் கொடு" என்று கேட்டால் முழுசாகக் கொடுக்க மாட்டேன். சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. ஊரை ஒட்டிய சில நூறு மீட்டர்களில் வீட்டுக்காரர் வண்டி வரலாம். திராட்சைத் தோட்டத்து டிராக்டர் வரும், ஓரமாக நின்றால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். ஆனால் பின்னால் வேகமாக வந்து உரசிக்கொண்டு போகும் கார் கிடையாது. நடுப்பகுதியில் அரை நாள் ஓட்டி ஒரு எஞ்சின் சத்தம் கூடக் கேட்காமல் வந்ததுண்டு.

"ரயில் பாதைதானே, சமதரை" என்று வீட்டில் சொல்லிக் கூட்டி வராதீர்கள். இது ஒன்றுதான் எல்லாரும் ஏமாறும் இடம். சரிவு 3%-ஐத் தாண்டாது, ஆனால் விடாது. மணிக்கணக்கில் அதே சரிவு, மூச்சு வாங்கச் சின்ன இறக்கம் கூட வராது. இங்கே இயற்பியல் மையத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று வருகிற நம்மூர் ஆட்களை இரவல் சைக்கிளில் கூட்டிப் போயிருக்கிறேன். பத்தாவது கிலோமீட்டரில் ஒவ்வொருவரும் குனிந்து பின்சக்கரத்தைப் பார்ப்பார்கள், பிரேக் உரசுகிறதா என்று. உரசவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். சின்ன கியரில் போட்டுப் பேசிக்கொண்டே மிதித்தால் எவரும் ஏறலாம்.

கதிர்வேல்

நானும் ரயில் கட்சிதான், ஆனால் என் ஓட்டு ஸ்பெயினுக்கு. 1993-லிருந்து பழைய ரயில் தடங்களை இப்படி மாற்றிக்கொண்டே வருகிறார்கள், நாடு முழுக்க 3,000 கி.மீ.க்கு மேல் ஆகிவிட்டது. ஆண்டலூசியாவில் ஒல்வேராவிலிருந்து புவர்த்தோ செர்ரானோ வரை 36 கி.மீ., அதற்குள் 30 குகை, 4 பெரிய பாலம். வேடிக்கை என்னவென்றால் 1920-களில் ஆரம்பித்து மண் வேலை பெரும்பாலும் முடிந்தும் அதில் ஒரு ரயில் கூட ஓடவில்லை, பணம் தீர்ந்து திட்டம் நின்றுபோனது. நடுவில் சாஃப்ராமகோன் என்ற பாறை, அதில் கழுகுக் கூட்டம். பிணந்தின்னிக் கழுகுகள் தலைக்கு மேலே வட்டமிடும், இறக்கையின் நிழல் நம் மேல் விழுந்து போகும். பழைய நிலையக் கட்டடங்களிலேயே தங்கலாம், சாப்பிடலாம்.

கேட்டலோனியாவிலும் ஒலோட்டிலிருந்து ஜிரோனா வரை 50 கி.மீ. சொச்சம் ஒரு தடம் இருக்கிறது, 1969-ல் மூடிய குட்டி ரயில். எரிமலைக் குன்றுகளில் ஆரம்பித்து மொத்தத்தில் இறங்கிக்கொண்டே வரும். தொடக்கத்தில் மட்டும் ஒரு ஏற்றம். ஜிரோனாவிலிருந்து இன்னொரு 40 கி.மீ. மிதித்தால் கடல். விமானத்தில் வருவதாக இருந்தால் இதை யோசியுங்கள். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஜிரோனா முழுக்க சைக்கிள் கடைதான்.

வெள்ளைச் சாலை

சரி சரி, குடும்பம் என்பதை நான் வேகமாகப் படித்துவிட்டேன். மகள் பெரியவளானதும் டஸ்கனி வாருங்கள்.

மியூனிக் மணி

எல்லாருக்கும் நன்றி. ஸ்பெயின் அடுத்த வருடத்துக்குக் குறித்துவைத்துவிட்டேன். இந்தத் தடவை பாரென்சானா என்று முடிவாகிவிட்டது. "சரிவு விடாது" என்ற வரியை மட்டும் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை.

பொரா அண்ணா, சில கேள்விகள். எங்கே தங்கினால் வசதி? தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற முடியாது. ஜூன் தொடக்கத்தில் வெயில் தாங்குமா? எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பார்களா? எங்களுக்கு ஜெர்மன் வதிவிட அட்டை, இந்தியப் பாஸ்போர்ட். அப்புறம் சாப்பாடு. போன வருடம் ஒரு ஊரில் சைவம் என்று சொன்னதற்கு மீன் வைத்தார்கள்.

செல்வி

மணி, சாப்பாட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், பொரா சார் எந்த விலங்கையும் விட்டுவைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் தோழிகள் நாலு பேர் அதே நடுப்பகுதியை ஓட்டினோம், இரண்டு பேர் சைவம்.

இஸ்திரியாவில் சைவத்துக்குப் பட்டினி இல்லை, கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். ஃபூஷி என்று கையால் சுருட்டிய பாஸ்தா, அதன் மேல் ட்ரஃபிள் காளானைச் சீவிப் போடுவார்கள். மீர்னா ஆற்றங்கரைக் காட்டில் மண்ணுக்கடியில் விளைவது, நாயை வைத்துத் தேடித் தோண்டுகிறார்கள். வெள்ளை ரகம் இலையுதிர் காலத்தில்தான், யானை விலை. ஜூனில் கறுப்பு கிடைக்கும், அது கையைக் கடிக்காது. வாசனை எல்லாருக்கும் பிடிக்காது, ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்து பாருங்கள். ப்ளித்வா என்று கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு வரும். மெனுவில் அதைத் துணைக்கறியாகப் போட்டிருப்பார்கள், இரண்டு தட்டு கேட்டால் அதுவே சாப்பாடு. முட்டை உண்டு என்றால் ஃப்ரிதாயா என்ற பொரியல் மாதிரி ஆம்லெட் எல்லாக் கடையிலும் உண்டு. நாங்கள் ஏப்ரலில் போனதால் காட்டு அஸ்பராகஸ் போட்டுக் கொடுத்தார்கள், உங்களுக்கு அது முடிந்திருக்கும்.

மானெஷ்த்ரா என்ற பீன்ஸ் சூப்பிடம் மட்டும் ஜாக்கிரதை. பார்க்கச் சைவம், அடியில் பன்றி எலும்பு போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். "இறைச்சி இல்லை" என்றால் துண்டு இல்லை என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். "எலும்பும் இல்லையா?" என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். லிவாதே, க்ரோஷ்ன்யான், விஷினாதாவில் காபிக் கடை உண்டு, கழிப்பறைக்கு அதுதான் வழி. நடுவில் மணிக்கணக்கில் ஒன்றும் கிடையாது. கடை கண்ட இடத்தில் இறங்கிவிட வேண்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது. காட்டுக்குள் ஒதுங்கினால் உண்ணி ஒட்டும், சாயங்காலம் குளிக்கும்போது கால் மடிப்பெல்லாம் பாருங்கள். ஜெர்மனியில் உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் இன்னும் நல்லது.

பொரா (திரியெஸ்தே)

செல்வி, எலும்பு விஷயம் சரியாகச் சொன்னீர்கள். விலங்கு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விடுகிறேன்.

மணி, தங்குவது லிவாதேயிலோ அதை ஒட்டிய பண்ணை வீட்டிலோ. கோடையில் ஒரு ராத்திரி மட்டும் என்றால் நிறையப் பேர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், நாலு ராத்திரி ஒரே இடம் என்றால் விலையும் இறங்கும். லிவாதே பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது, இரண்டு பக்கமும் பாதை மேலே ஏறுகிறது. இதில் ஒரு லாபம் உண்டு. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது ஏறிவிடலாம், மத்தியானம் வெயிலில் வீடு வரை இறக்கம். புயேயில் தங்கினால் இது தலைகீழாகிவிடும், களைத்துப்போன நேரத்தில் 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். புது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் இந்த ஒன்றைச் சரியாகப் போட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

முதல் நாள் வடக்கே ஏறுங்கள். ஓப்ர்தல்யி, சாவ்ர்ஷியே, க்ரோஷ்ன்யான், திரும்பி வந்தால் 40 கி.மீ. அளவு. ஓப்ர்தல்யி ஊர் பாதைக்கு மேலே இருக்கிறது, அதற்கு ஏறும் சாலை செங்குத்து, கார் வரும். மனைவி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பாதையிலிருந்தே பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். க்ரோஷ்ன்யானுக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் கூட்டம் வருவதற்குள் தெருவெல்லாம் உங்களுக்கே.

அடுத்த நாள் தெற்கே, மீர்னா ஆற்றைக் கடந்து மோதொவுன் குன்றைச் சுற்றி ஒரு குகை வழியாக விஷினாதா வரை. அதுவும் போக வர 35 கி.மீ. சொச்சம்தான். மோதொவுன் ஊருக்கு அன்றைக்கு ஏறாதீர்கள். கீழேயிருந்து ஆயிரத்துக்கு மேல் படிக்கட்டு உண்டு, சைக்கிளோடு ஆகாது. அதை மூன்றாம் நாளுக்கு வையுங்கள், நடந்து ஏறி, மதில் மேல் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு நாள் ஓட்டிய வழி முழுக்கக் கீழே கோடு போட்ட மாதிரி தெரியும். அன்றைக்கே கால் ஓய்வாக ஆற்றோரமாகச் சமதரையில் கொஞ்சம் ஓட்டலாம். லிவாதேயிலேயே ரயிலுக்கு ஒரு குட்டி அருங்காட்சியகம் இருக்கிறது, மகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

விஷினாதாவிலிருந்து பொரெச் வரையான கடைசித் துண்டு வேண்டாம் என்பேன். இறக்கம்தான், ஆனால் பழைய தடம் அழிந்த இடங்களில் சுற்றி விட்டிருக்கிறார்கள், அங்கே சாலையும் ஏற்ற இறக்கமும் வரும். அங்கே மண்ணும் சிவப்பு. மழை பெய்தால் அந்தச் செம்மண் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது.

வெயில்: ஜூன் தொடக்கம் பரவாயில்லை, பகலில் 25, 28 டிகிரி வரும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் வராதீர்கள் என்றே சொல்லியிருப்பேன். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஊருக்கு ஊர் நிரப்பிக்கொள்ளுங்கள், நடுவில் குழாய் இல்லை. இங்கே பெயர்போன பொரா காற்று முக்கியமாகக் குளிர்கால விஷயம். 1910 மார்ச்சில் திரியெஸ்தேயை ஒட்டிய முஜ்ஜா பக்கம் இந்த ரயிலையே தள்ளிக் கவிழ்த்துவிட்டது, மூன்று பேர் இறந்தார்கள். ஜூனில் உங்களைக் கவிழ்க்காது.

எல்லை: 2023 ஜனவரியிலிருந்து குரொவேஷியா எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள் வந்துவிட்டது, நாணயமும் யூரோதான். ஆனால் ஸ்லொவேனியா தற்காலிகச் சோதனை என்று அதே வருடமே மறுபடி ஆட்களை நிறுத்தியது. பாஸ்போர்ட், வதிவிட அட்டை இரண்டையும் கையில் வையுங்கள், மகளுடையதையும் சேர்த்து. காரில் வருவதால் ஆஸ்திரியா, ஸ்லொவேனியா இரண்டுக்கும் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு வேண்டும், தவுவெர்ன், கரவாங்கன் சுரங்கங்களுக்குத் தனிக் கட்டணம். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடலாம்.

டயர்: உங்கள் 40-க்குக் காற்றைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள், கை வலிக்காது. மனைவியின் டயர் 37, 38-க்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிடுங்கள், உடைகல்லில் மெல்லிய டயர் வழுக்குகிற பயம் காரைக் கண்டு வரும் பயத்தை விடக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஓரத்தில் முட்புதரை வெட்டிப் பாதையிலேயே போட்டிருப்பார்கள், ஆளுக்கு இரண்டு டியூப் வையுங்கள். லிவாதேயில் சைக்கிள் கடை இருக்கும் என்று எண்ண வேண்டாம், பிரேக் கட்டையைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், முதல் இரண்டு நாளும் கடைசி ஒன்றரை மணி நேரம் இறக்கம்.

நாலாம் நாள் ஊர் திரும்பும் வழியில் திரியெஸ்தேயில் அரை நாள் நில்லுங்கள். ஊருக்குள்ளிருந்தே கோத்தூர் பாதை என்று ஒன்று ஏறுகிறது. 1887-ல் போட்டு 1959-ல் மூடிய இன்னொரு ரயில். ஜோர்தானோ கோத்தூர் எங்கள் ஊர்க்காரர், இத்தாலிய சைக்கிள் சுற்றில் மூன்று தடவை மூன்றாம் இடம் பிடித்தவர், அவர் பேரை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு கி.மீ. சொச்சம், ரோசாந்திரா பள்ளத்தாக்கின் விளிம்பில் மெல்லிய சரளை, எதிரே வெள்ளைப் பாறையில் கயிறு கட்டி ஏறுகிறவர்கள் தெரிவார்கள். திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம். நான் அந்த வாரம் ஊரில்தான் இருப்பேன், தனிச்செய்தி போடுங்கள், கூட வருகிறேன். செயலியில் வழியைக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பும் அதில் அனுப்புகிறேன், மூன்று நாளுக்கும் தனித்தனியாக.

மியூனிக் மணி

அனுப்பிவிட்டேன் அண்ணா. மனைவி இப்போதுதான் இந்த இழையைப் படித்து முடித்தாள், "விடாது" என்பதையும் சேர்த்து. முதல் நாள் வடக்கே வேண்டாம், தெற்கே போய்ப் பழகிவிட்டு வடக்கே ஏறலாமா என்று கேட்கிறாள்.

பொரா (திரியெஸ்தே)

தாராளமாக. சொல்லப்போனால் அதுதான் சரி, தெற்குப் பக்கம் உடைகல் குறைவு.